பாத்துமுத்து பொறுத்துக்கொண்ட சுவர்

நீதிமன்ற மொழிபெயர்ப்புப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நண்பர்கள் மூவர் சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லோடு ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’, ‘வித்’ போன்ற சிறு சொற்கள் சேர்ந்து, தத்தம் பொருளை விட்டு, முற்றிலும் வேறொரு பொருள் தருவதுண்டு. அத்தகைய கூட்டு வினைகளுக்கெல்லாம் தமிழ்ப் பொருள் எழுதி ஒரு பட்டியல் அனுப்பவேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். துறைத் தேர்வில் அவற்றைக் கேட்கிறார்களாம்.

பட்டியல் எழுதத்தான் உட்கார்ந்தேன். தாளின் தலைப்பில் ‘புட் அப் வித்’ என்று எழுதினேன். அதற்கு நேரே தமிழ்ப் பொருளை எழுத ஒரு நொடி போதும். ஆனால் அந்த ஒரு வினையை நான் கற்றுக்கொள்வதற்குள் ஒரு பெண் தன் பிழைப்பையே இழக்கும் எல்லைவரை போக நேர்ந்தது. அதைச் சொல்லாமல் பொருளை மட்டும் எழுதி அனுப்புவது முறையாகாது. ஆகவே பட்டியலை ஒதுக்கிவிட்டு இதனை எழுதுகிறேன்.

இந்த இருபதாம் நூற்றாண்டு பிறந்து பத்து ஆண்டு நிறையாத காலம். தாமிரபரணிக் கரையில் நான் பணிபுரிந்த நீதிமன்றம் இன்னதென்று குறிக்கவேண்டியதில்லை. இங்கே சொல்லப்போகும் பிழை என்னுடையது. அதனை ஒரு கட்டடத்தின் மீது ஏற்றுவதில் பயனில்லை. இளமையில் ஒரு புலவரிடம் எட்டு ஆண்டுகள் தமிழ் இலக்கணமும் நிகண்டும் பாடம் கேட்டேன். பிறகு பள்ளியில் ஆங்கிலம் படித்து மெட்ரிகுலேஷன் தேறினேன். நகல் எழுதும் குமாஸ்தாவாக நுழைந்து, ஐந்தாம் ஆண்டில் மொழிபெயர்ப்புக் குமாஸ்தாவானேன். என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். காதால் கேட்டதை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும் பழக்கம் பாடம் கேட்ட நாளிலிருந்தே எனக்கு இருந்தது. அதனை நான் பெருஞ்செல்வமாகக் கருதினேன்.

எங்கள் தலைமைக் குமாஸ்தா உயரமான மனிதர், மூக்குப்பொடி போடுவார், அதிர்ந்து பேசமாட்டார். மொழிபெயர்ப்புகள் யாவும் அவர் மேசையைத் தாண்டித்தான் நீதிபதியான முன்சீப்பிடம் போகும். ஒரு தாளை எடுத்தால் முதலில் அதன் பொருளைப் பார்க்கமாட்டார். சொற்களின் உடையைப் பார்ப்பார். கூட்டு வினை எதுவும் கண்ணில் பட்டால், அதைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு கட்டம் போட்டு, அதன் தலைமேல் லத்தீன் வழிவந்த ஒற்றைச் சொல் ஒன்றை எழுதுவார். ‘லுக் இன்டு’ என்றால் ‘இன்வெஸ்டிகேட்’. ‘புட் ஆஃப்’ என்றால் ‘போஸ்ட்போன்’. ‘கிவ் அப்’ என்றால் ‘ரிலிங்க்விஷ்’. முதல் வாரத்திலேயே என்னை அழைத்து என் தாளைத் திருப்பிக் காட்டினார்.

“இது என்ன வே?”

“கூட்டு வினை, அய்யா.”

“வினைச்சொல்லுன்னா ஒத்தக் கால்ல நிக்கணும் வே. மூணு கால் இருந்தா அதுக்குப் பேரு முக்காலி. துரைமாரு குதிரைக்காரன்கிட்ட பேசுத பேச்சையெல்லாம் கோர்ட்டுக் கச்சேரிக்குள்ள கொண்டாராதீரும்.”

எனக்கு அது முற்றிலும் உடன்பாடாக இருந்தது. தமிழில் கொச்சையைக் கண்டால் முகம் சுளிக்கும்படி வளர்க்கப்பட்டவன் நான். ஆங்கிலத்திலும் அதே தூய்மையைக் காப்பதாக எண்ணி மகிழ்ந்தேன். ஓராண்டில் என் தாள்களில் சிவப்புக் கட்டமே விழாமலாயிற்று. வயலில் வேலை செய்யும் கூலியாள் சாட்சி சொன்னாலும், என் ஆங்கிலத்தில் அவன் அரசாங்க அறிவிக்கை போலவே பேசுவான். அந்நாளைய முன்சீப் ஒருவர் அதனைப் பாராட்டவும் செய்தார்.

தலைமைக் குமாஸ்தாவின் இரண்டாவது விதி, சாட்சியின் புலம்பலை வெட்டுவது. “கேட்ட கேள்விக்குப் பதில் எதுவோ அத மட்டும் குடும். மிச்சமெல்லாம் தண்ணி,” என்பார். கேள்விக்குரிய விடை பெரும்பாலும் சாட்சியின் பேச்சில் கடைசியாகத்தான் வரும். எனவே கடைசி வாக்கியத்துக்காகக் காத்திருந்து அதை மட்டும் பிடித்துக்கொள்வது எங்கள் வழக்கமாயிற்று.

இனி, வேலை நடந்த முறையைச் சொல்லவேண்டும். சாட்சி தமிழில் சொல்வார். நான் கூண்டின் இடப்பக்கம் நின்று அதை ஆங்கிலமாக்குவேன். முன்சீப் அதனை, சாட்சியே தன் வாயால் பேசுவதுபோல, தம் கைப்பட எழுதிக்கொள்வார். சாட்சியம் முடிந்ததும் அந்தத் தாள் என் கைக்கு வரும். நான் அதைத் திரும்பத் தமிழாக்கி, சாட்சிக்கு வாசித்துக் காட்டவேண்டும். பிழை இருந்தால் சாட்சி அப்போதே மறுக்கலாம், முன்சீப் திருத்துவார். சரியென்று ஒப்புக்கொண்டால், வாசித்துக் காட்டப்பட்டதாகவும் ஒப்புக்கொள்ளப்பட்டதாகவும் அடியில் எழுதி நான் கையெழுத்திடுவேன். சாட்சிக்கு ஆங்கிலம் தெரியாது; தாளில் இருப்பதை அறிய அவருக்கு என் வாயைத் தவிர வேறு வழி இல்லை.

அந்த வாசிப்பில்தான் நாங்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தோம். வரிவரியாக ஆங்கிலத்தைப் படித்து மறுபடியும் தமிழாக்க நேரம் பிடிக்கும். சாட்சி பேசிய தமிழோ இன்னும் காதிலேயே இருக்கும். ஆகவே தாளைக் கையில் பிடித்து, கண்ணை அதன்மேல் ஓட்டியபடி, சற்றுமுன் கேட்ட தமிழை நினைவிலிருந்து ஒப்பித்துவிடுவோம். ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லை. நினைவு பிசகாதவரை இரண்டும் ஒன்றே என்று நம்பினோம். ஒருமுறை வள்ளியூர்ச் சந்தையின் மாட்டுத் தரகர் ஒருவர், நான் பாதி ஒப்பிப்பதற்குள் கூண்டிலிருந்து இறங்கிவிட்டார்.

“போதும் அண்ணாச்சி. நான் சொன்னதத்தான திருப்பிச் சொல்லுதீரு? நான் சொன்னது எனக்குத் தெரியாதா? வண்டி போயிரும், கையெழுத்தப் போடும்,” என்றார். கூடமே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டேன்.

அந்நாளில் புதிய முன்சீப் ஒருவர் மாற்றலாகி வந்தார். கோதாவரிப் பக்கத்தவர், தாய்மொழி தெலுங்கு. தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். நெல்லைப் பேச்சின் வேகம் அவருக்குப் பிடிபடவில்லை. எழுதும்போது தலை நிமிரமாட்டார். என்னை நிறுத்தவேண்டுமானால் இடக்கையின் சுட்டுவிரலை மேசையினின்று சற்றே உயர்த்துவார்; எழுதி முடித்ததும் விரல் இறங்கும். அந்த விரலைப் பார்த்துப் பேசவும் நிற்கவும் ஒரு மாதத்தில் பழகிக்கொண்டேன். அவர் கோபித்து நான் கண்டதில்லை. ஆனால் அவர் கேட்கும் கேள்விக்குச் சுற்றி வளைத்து விடை சொல்ல இயலாது. அதே கேள்வியை அதே குரலில் மறுபடியும் கேட்பார்.

அவர் முன் வந்த வழக்குகளுள் ஒன்று பத்தமடைப் பாத்துமுத்துவினுடையது.

பாத்துமுத்து கணவனை இழந்தவள், நாற்பது வயதிருக்கும், கோரைப்பாய் நெய்து இரண்டு பெண்மக்களை வளர்த்துவந்தாள். பட்டுப்போல் மடியும் மெல்லிய பாய்க்குக் கோரையை ஓடும் நீரில் பல நாள் ஊறப்போடவேண்டும். தேங்கிய நீரில் போட்டால் நிறம் கெட்டுவிடும். வாய்க்கால் ஓரமாக அவள் தந்தை எழுதிவைத்த சிறு மனை ஒன்று இருந்தது. அதன் நீர்க்கரையில்தான் அவள் கோரைக் கட்டுகளை இறக்கிவந்தாள். அடுத்த நிலம் சங்கரலிங்கம் பிள்ளையுடையது. அவர் தம் மாட்டுத் தொழுவத்தை விரிவாக்கியபோது, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஒரு சுவரை எழுப்பி, அவளுடைய நீர்க்கரையையும் உள்ளே வளைத்துக்கொண்டார். பிறகு அவள் கட்டுகளைத் தலையில் சுமந்து ஆற்றுக்கு நடக்கவேண்டியிருந்தது. அங்கே காவலுக்கு ஆளில்லாமல் பாதி போய்விடும். எஞ்சியதில் முரட்டுப் பாய்தான் நெய்யமுடிந்தது. இரண்டு ஆண்டு இவ்வாறு கழிந்தபின் வழக்குத் தொடுத்தாள்.

நிலம் அவளுடையது என்பதைப் பத்திரம் காட்டியது. எதிர்த்தரப்புக்கு ஒரே ஒரு வழி இருந்தது. ஒருவர் தம் நிலத்தில் கட்டிக்கொள்ள இன்னொருவருக்கு இசைவளித்து, அவரும் அதை நம்பிச் செலவு செய்து நிலையான கட்டடம் எழுப்பிவிட்டால், அந்த இசைவைப் பிறகு திரும்பப் பெறமுடியாது என்பது சட்டம். ஆகவே சுவர் எழும்பியபோது அவள் இசைந்தாளா இல்லையா என்பதிலேயே வழக்கு நின்றது.

வெள்ளைத் துப்பட்டியால் தலையையும் தோளையும் மூடிக்கொண்டு பாத்துமுத்து கூண்டில் ஏறினாள். பத்திரத்தைப் பற்றிய முதல் விசாரணை முடிந்தவுடன் அவளுடைய வக்கீல் வேறொரு வழக்குக்காக அடுத்த கூடத்துக்கு எழுந்து போய்விட்டார். அவர் குமாஸ்தா மட்டும் அமர்ந்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையைத் தொடங்கினார்.

“சுவர் எழும்பும்போது நீ ஊர்லதான இருந்த?”

“எங்க போவேன் அய்யா? அங்கனதான் இருந்தேன்.”

“பாத்துக்கிட்டுத்தான இருந்த?”

“அல்லா கண்ணக் குடுத்திருக்கானே, பாக்காம என்ன செய்ய?”

கூடத்தில் சிலர் சிரித்தனர். வக்கீலும் சிரித்துவிட்டு, “சரி, பாத்துட்டு என்ன செஞ்ச? அதச் சொல்லு,” என்றார்.

“சொல்லாம இருப்பேனா அய்யா? கொத்தனார்ட்ட சொன்னேன். அவுக வீட்டு வாசல்லயும் போயி நின்னு சொன்னேன். யாரு கேக்கா? அவுக பெரிய இடம், நான் ஒத்தப் பொம்பள. நம்ம நசீபு, தலையெழுத்துன்னு பொறுத்துக்கிட்டேன்.”

முன்சீப்பின் விரல் இறங்கியிருந்தது. அவர் என் ஆங்கிலத்துக்காகக் காத்திருந்தார். என்ன செய்தாய் என்பது கேள்வி. பொறுத்துக்கொண்டேன் என்பது விடை. மற்றவை, எங்கள் கணக்கில், தண்ணீர். பொறுத்துக்கொள்வதற்கு மதிப்பான ஒற்றைச் சொல் ஒன்றை என் மனம் தேடியது, உடனே கிடைத்தது. “ஐ அக்வீஸ்டு இன் இட்,” என்றேன். அகராதியில் அந்தச் சொல்லுக்கு ‘எதிர்க்காமல் ஏற்றல்’ என்று பொருள் இருக்கிறது. ‘இசைதல்’ என்பதும் அதே வரியில் இருக்கிறது. அப்போது எனக்குத் தோன்றியதெல்லாம், நல்ல சொல் ஒன்று தக்க இடத்தில் வாய்த்தது என்பதுதான். முன்சீப் எழுதிக்கொண்டார்.

சாட்சியம் முடிந்தது, தாள் என் கைக்கு வந்தது. நான் வழக்கம்போல் ஒப்பித்தேன். அந்த இடம் வந்ததும், “பொறுத்துக்கொண்டேன்,” என்றேன். அவள், “ஆமா அய்யா,” என்றாள். அடியில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

அடுத்த வாரம் வாதம் நடந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, அந்த ஒரு வரியை மும்முறை வாசித்தார். வாதி தன் மனுவில் எதை எழுதியிருந்தாலும் என்ன, கூண்டில் ஏறி, ஆணையிட்டு, தான் இசைந்ததாகத் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள்; வாசித்துக் காட்டியபோதும் ஒப்புக்கொண்டாள்; இனி அந்தச் சுவரின் ஒரு செங்கல்லையும் தொடமுடியாது என்றார். அவளுடைய வக்கீலுக்கு விடை கூறப் போதிய பிடி இல்லை. தீர்ப்பு வரும் வெள்ளிக்கிழமை என்று முன்சீப் அறிவித்தார்.

அந்த வரி என் காதில் முதன்முறையாக அயலார் சொல்போல் விழுந்தது அப்போதுதான். அதுவரை அதை நான் என் சொல்லாகவே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கூடம் கலைந்து வெளியே வந்தேன். தாழ்வாரத் தூணோரம் பாத்துமுத்து நின்றிருந்தாள்.

“அய்யா, நான் சொன்னத இங்கிலீசுல சொன்னது நீங்கதான?”

“ஆமா.”

“எங்க வக்கீலய்யா ஏசுதாக. சம்மதம்னு ஏன் சொன்னேங்காக. நான் சம்மதம்னு சொன்னேனா அய்யா?”

“இல்லம்மா, நீங்க சொல்லல.”

“பின்ன அவுக ஏன் ஏசுதாக? அந்தத் தண்ணி போச்சுன்னா நான் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?”

நேரே தலைமைக் குமாஸ்தாவின் மேசைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் அகராதியை எடுத்துப் புரட்டி, அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பிவைத்தார்.

“பொருள் இருக்கா?”

“இருக்கு அய்யா. ஆனா அவ சொன்னது அது இல்ல.”

“இங்கரும். கையெழுத்துப் போட்ட தாள் வே அது. நாளைக்கு அது தப்புன்னு நீரே போய்ச் சொன்னா, நீரு கையெழுத்துப் போட்ட அத்தன தாளும் சந்திக்கு வந்துரும். பைய இரும். தீர்ப்பு எப்படியும் வரலாம். அப்பீலும் இருக்கு.”

“அப்பீல்லயும் இந்தத் தாளத்தான அய்யா படிப்பாக?”

அவர் பொடி டப்பியை மூடினார். “உம்ம வேலைக்கு வினை வச்சுக்காதீரும்,” என்று மட்டும் சொன்னார். அந்த மனிதர் என்னிடம் அன்புடையவர். என்னைக் காக்கும் எண்ணத்துடன்தான் அப்படிச் சொன்னார் என்பதை இன்றும் நம்புகிறேன்.

மறுநாள் காலை முன்சீப் வந்து அமர்ந்ததும், அவருடைய அறைக்குள் சென்று, நான் தவறாக மொழிபெயர்த்ததைத் தெரிவித்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, இதனை அறைக்குள் கேட்டுக்கொள்ளத் தமக்கு உரிமையில்லை, இரு தரப்பினர் முன்னும் திறந்த மன்றத்தில் சொல்லவேண்டும் என்றார். தீர்ப்பு நிறுத்தப்பட்டது. இரு வக்கீல்களுக்கும் அறிவிக்கப்பட்டது. திங்களன்று பாத்துமுத்து மறுபடியும் மாட்டுவண்டியில் வந்து இறங்கினாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் கடுமையாக மறுத்தார். சாட்சிக்கு இடையில் பாடம் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கலாம். வாசித்துக் காட்டியபோது அவள் ஒப்புக்கொண்டதற்குக் குமாஸ்தாவின் சான்றே தாளில் இருக்கிறது. அதைக் குமாஸ்தாவே இப்போது மறுப்பது விந்தை என்றார். அவர் கூறியதில் நியாயம் இருந்தது.

முன்சீப் என்னைப் பார்த்தார். “அன்று இவளுக்கு வாசித்துக் காட்டினீர். என் தாளிலிருந்தா, உம் நினைவிலிருந்தா?”

“தாள் என் கையில் இருந்தது,” என்றேன்.

அவர் அதே கேள்வியை அதே குரலில் மறுபடியும் கேட்டார்.

“நினைவிலிருந்து,” என்றேன்.

கீழ் மேசையில் தலைமைக் குமாஸ்தா எழுதுவதை நிறுத்தினார். முன்சீப் என் விடையை எழுதிக்கொண்டு, “அப்படியானால் அந்தத் தாள் இவளுக்கு இன்னும் வாசித்துக் காட்டப்படவில்லை. இப்போது வாசியும்,” என்றார்.

தாளை வாங்கினேன். ஒவ்வொரு சொல்லின் அடியிலும் விரலை வைத்து, அங்கே இருப்பதை மட்டும் தமிழாக்கினேன். அந்த வரி வந்தது. “அதற்கு நான் இசைந்தேன்,” என்று படித்தேன்.

“இல்ல,” என்றாள் பாத்துமுத்து. அடுத்த வரியைத் தொடங்க இருந்தேன்; அவள் விடவில்லை. “அப்படி நான் சொல்லல அய்யா. கொத்தனார்ட்ட சொன்னது, வாசல்ல போயி நின்னது, அதெல்லாம் எங்க? அன்னிக்கு நான் அம்புட்டுச் சொன்னேன்லா? மிச்சத்த நீங்க என்ன செஞ்சீக?”

முன்சீப்பின் விரல் இறங்கியே இருந்தது. “என்ன சொல்கிறாள்?” என்றார்.

ஒருவர் என்மீது சுமத்தும் குற்றத்தை நானே மொழிபெயர்க்கும் நிலை அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வாய்த்ததில்லை. வெட்டுவதற்கு அதில் ஒன்றுமில்லை. முதற்சொல்லிலிருந்து கடைசிக் கேள்விவரை, அவள் சொன்ன வரிசையிலேயே, ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முழுவதையும் எழுதினார்.

பிறகு அந்தப் பழைய கேள்வியை எதிர்த்தரப்பு வக்கீலையே கேட்கச் சொன்னார். அவள் ஏறத்தாழ முன்பு சொன்னபடியே சொன்னாள். கொத்தனாரையும் வீட்டு வாசலையும் ஆங்கிலமாக்குவதில் தொல்லையில்லை. கடைசிச் சொல்லில் மறுபடியும் தடுமாறினேன். ‘என்டியூர்’ என்னும் சொல் பெருந்துன்பத்தைத் தாங்கும் வீரருக்கு உரியது. மற்றொன்றான ‘டாலரேட்’ பெருந்தன்மையுடன் விட்டுக்கொடுப்பவருக்கு உரியது. இரண்டும் அந்தக் கூண்டில் நின்றவளுக்குப் பொருந்தவில்லை.

முன்சீப் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். “இவளுக்கு விருப்பம் இருந்ததா?” இல்லை. “தடுக்க முயன்றாளா?” முயன்றாள். “பிறகு தடுப்பதை நிறுத்தியது மனநிறைவாலா?” இல்லை, கேட்பார் இல்லாததால்.

“அப்படியானால் ‘புட் அப் வித்’,” என்றார். “எங்கள் ஊரில் மாமியாரோடு வாழும் மருமகள் எவளும் ‘அக்வீஸ்’ செய்வதில்லை.” இரு தரப்பு வக்கீல்களும் ஒருங்கே சிரித்தனர், பாத்துமுத்துவுக்கு மட்டும் ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. அதையும் அவளுக்குத் தமிழில் சொன்னேன். துப்பட்டிக்குள் அவள் முகம் தெரியவில்லை. “அவுகளுக்கும் மாமியா உண்டு போல,” என்றாள். அவர் பழைய சொல்லை ஒரே கோட்டால் அடித்து, மூன்று சிறு சொற்களைத் தம் கைப்பட மேலே எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டார்.

அன்று மாலை தலைமைக் குமாஸ்தா என் மேசையருகே வந்து சற்று நின்றார். “கடைசில முக்காலியிலதான் உக்கார வச்சிட்டாரு வே உம்ம,” என்றார். குரலில் கசப்பு இருந்தது, நகையும் இருந்தது. அதன்பின் அவர் எவருடைய தாளிலும் அந்த ஒரு வினைக்குக் கட்டம் போட்டதில்லை. மற்றவற்றுக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நண்பர்கள் கேட்ட பொருளை இனி எழுதலாம். ‘புட்’ என்பது வைத்தல், ‘அப்’ மேலே, ‘வித்’ உடன். மூன்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரு பொருளும் வராது. சேர்ந்து நின்றால், விரும்பாத ஒன்றை, மாற்ற வழியின்றி, உள்ளே வெறுப்பு நீங்காமலே தாங்கிக்கொள்வது என்று பொருள்படும். விரும்பும் பொருளோடு இவ்வினை சேராது. இனிப்பையும் நல்ல நண்பரையும் எவரும் ‘புட் அப் வித்’ செய்யார். பெருந்துயருக்கும் இது அவ்வளவாகப் பொருந்தாது. அண்டை வீட்டுக் கூச்சல், ஒழுகும் கூரை, அதிகாரியின் சிடுசிடுப்பு, நாள்தோறும் தொடரும் சிறு கொடுமை, இவையே இதற்குரிய இடங்கள். எது பொறுக்கப்படுகிறதோ அது ‘வித்’தை ஒட்டியே பின்னால் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, இச்சொல்லில் இசைவு என்பது அணுவளவும் இல்லை. தமிழில் பொறுத்துக்கொள்ளுதல் இதற்கு மிக நெருங்கி வரும். ‘பொறு’ என்பதோடு ‘கொள்’ என்னும் சிறு வினை சேர்ந்து பொறுப்பவரின் பக்கமே சுமையைத் திருப்பிவிடுகிறது. தமிழில் அந்தத் துணைவினையின் நுட்பத்தைப் போற்றிய நான், ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்த சிறு சொற்களைக் குதிரை லாயத்துக்கு அனுப்பிவைத்திருந்தேன். உயர்ந்த சொல், சரியான சொல் என்று இரண்டு வகை உண்டு. பல வேளைகளில் அவை ஒன்றல்ல.

செய்முறையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வாசித்துக் காட்டும்போது காதை மூடிக்கொள்ளுங்கள். சாட்சி என்ன சொன்னார் என்பதை மறந்துவிட்டு, தாள் என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். நல்ல நினைவாற்றல் உடையவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்கவேண்டும்.

அந்தப் பருவத்தில் தீர்ப்புக்காக நின்ற மற்ற வழக்குகளின் வாக்குமூலங்களையும் முன்சீப் திரும்ப வாசிக்கவைத்தார். வேறு இரண்டு இடங்களில் திருத்தம் வேண்டியிருந்தது. அவற்றால் எவருக்கும் கேடு நேர்ந்திருக்காது என்பது என் நற்பேறு. என்னைக் கூண்டருகிலிருந்து விலக்கி, நகல் பிரிவுக்கு மாற்றினார். அது நியாயமான உத்தரவு. எட்டு மாதம் அங்கே இருந்தேன்.

பாத்துமுத்துவின் தீர்ப்பை நகல் எடுத்தவனும் நானே. அவள் இசைவளிக்கவில்லை என்றும், நீர்க்கரையை மறைத்த சுவரை அகற்றி இடத்தை அவளிடம் ஒப்படைக்கவேண்டும் என்றும் அதில் இருந்தது. சங்கரலிங்கம் பிள்ளை மேல்முறையீடு செய்யவில்லை. அவரை நான் கூடத்தில் பார்த்திருக்கிறேன், முரடர் அல்லர். வாசலில் வந்து நின்று சொன்னவள் பிறகு வராமல் இருந்ததையே உடன்பாடு என்று அவரும் எடுத்துக்கொண்டிருக்கக்கூடும்.

இரண்டு மாதம் கழித்து, தீர்ப்பை நிறைவேற்றி இடத்தை ஒப்படைத்த நீதிமன்ற ஊழியரான அமீனாவின் அறிக்கை நகலுக்காக என் மேசைக்கு வந்தது. அமீனா அதிகம் படிக்காதவர். கண்டதைக் கண்டபடி தமிழில் எழுதுபவர். நான்கெல்லை, செங்கல் அகற்றிய விவரம், உடனிருந்த சாட்சிகளின் பெயர் எல்லாம் ஒழுங்காக இருந்தன. எல்லாவற்றுக்கும் கீழே, கைரேகை இடும் இடத்துக்கு மேல், தேவையற்றதென்று எவரும் வெட்டிவிடக்கூடிய ஒரு வரி இருந்தது. அதை ஓர் எழுத்தும் குறையாமல் நகலில் எழுதினேன்: “வாதியிடம் ரேகை வாங்க அரைமணி தாமதம். கூப்பிட்டும் கரைக்கு வரவில்லை. இரண்டு கையும் தண்ணீருக்குள் இருந்தது.”